"பெர்லின்" என்று எழுதியிருக்கும் கைத்துளை இயந்திரம்: எந்த ஊர், எந்த வருஷம்?

தச்சன்மகன்:

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ஒன்ராறியோவில் வாட்டர்லூ பக்கம் ஒரு பண்ணை ஏலத்துக்குப் போயிருந்தேன். போனது ஒரு பழைய மேசைக்காக. அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் 70 டாலருக்கு இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். என்னவென்றே தெரியாத சாமானுக்குக் காசு கொடுத்ததற்கு வீட்டில் கிடைத்த மரியாதையை இங்கே எழுதப் போவதில்லை.

படம் ஏற மாட்டேன் என்கிறது, வார்த்தையிலேயே சொல்கிறேன். அடியில் கனமான ஒரு பலகை, இரண்டரை அடி நீளம் இருக்கும். அதன் ஒரு முனையில் இரண்டு மரக்கால்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே ஒரு வார்ப்பிரும்புக் கூடு மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. கூட்டின் இரண்டு பக்கமும் சுற்றுகிற கைப்பிடி, சைக்கிள் பெடல் மாதிரி ஒன்று மேலே என்றால் மற்றது கீழே. சுற்றினால் உள்ளே இரண்டு பற்சக்கரம் ஒன்றையொன்று செங்குத்தாகக் கடித்துக்கொண்டு, கீழே தொங்குகிற துரப்பணத்தைத் திருப்புகிறது. ஒரு காலின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை இரும்புப் பல்பட்டை. கால்கள் பலகையோடு சேரும் இடத்தில் அரைவட்டத் தகடு, அதில் எண்கள். இரண்டு போல்ட்டைத் தளர்த்தினால் கால்கள் சாய்கின்றன. எல்லாம் சேர்த்து 18 கிலோ இருக்கலாம்.

எங்கப்பா நாகர்கோவில் பக்கம் மரவேலை செய்தவர். அவரிடம் இருந்தது கயிறு சுற்றி இழுக்கிற துரப்பணம்தான். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

எழுத்து என்று பார்த்தால் மூன்று இடம். இரும்புக் கூட்டில் புடைப்பாக "பி 4". துரப்பணத்தின் தண்டில் ஒரு பறவை உருவம், பக்கத்தில் "16". பலகையின் பக்கவாட்டில் கறுப்புச் சாயத்தில் அச்சுத்தகடு வைத்து அடித்த எழுத்து; அதில் "பெர்லின்" தெளிவாகத் தெரிகிறது, அடுத்து இன்னும் இரண்டு மூன்று எழுத்து மங்கலாக. அதற்கு மேல் வரியில் ஏதோ ஒரு பெயர் இருந்தது.

"இருந்தது" என்று சொல்வதற்குக் காரணம் நான்தான். அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். பாதி பெயர் போன பிறகுதான் அது எழுத்து என்று உறைத்தது.

ஏலக்காரர் "ஜெர்மன் சாமான், 1850" என்றார். 16 என்பது 1916 ஆக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது என்ன, எதற்கு, எப்போது செய்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீன்பிடி_மணி:

ஐஸ் துளைக்கிற மெஷின் மாதிரி இருக்கு. குளிர்காலத்தில் ஏரி மேலே வைத்துச் சுற்றுவார்கள். சாய்க்கிற வசதி எதற்கு என்று மட்டும் புரியவில்லை, சாய்ந்த மீனுக்கோ என்னவோ.

கோவை_லேத்:

ஐஸுக்கு இவ்வளவு பெரிய பலகையும் கோண அளவும் தேவையில்லைங்க. சுவரில் மாட்டுகிற இரும்புத் துளை இயந்திரமும் இல்லை; அதில் கனமான சக்கரம் ஒன்று இருக்கும், துளைக்கும் ஊசியை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவதற்குத் தனி அமைப்பு இருக்கும். இது மரத்துக்கானதுதான். பெயர் சொல்கிற அளவுக்கு எனக்குத் தெரியாது. பட்டறைக்காரன் கண்ணில் படுவதை மட்டும் சொல்கிறேன்.

"பி 4" மாடல் நம்பராக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃபவுண்டரியில் எந்தப் பேட்டர்னில் எந்தத் துண்டு வார்த்தது என்று தெரிய இப்படி எண் வைப்பது வழக்கம். எங்கள் ஊரில் இன்றும் பம்புசெட் உடம்பில் இதைப் பார்க்கலாம். பற்சக்கரத்தின் பல்லை விரலால் தடவிப் பாருங்கள். பல்லின் முகம் மணல்போலச் சொரசொரப்பாக இருந்து, ஓரத்தில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடினால் பல்லோடு சேர்த்தே வார்த்தது. பளபளவென்று இணைகோடு தெரிந்தால் வெட்டியது. வார்த்த பல் என்பதால் மட்டும் வயது சொல்லிவிட முடியாது, மலிவான சாமானுக்கு ரொம்ப நாள் அப்படியே வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. சாய்க்கிற இடத்து போல்ட் அரை அங்குலமா? ஒன்றைக் கழற்றி, அங்குல அளவுகோலை மரை மேல் வைத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணுங்கள். விட்வொர்த் என்கிற பிரிட்டிஷ் மரை அளவு என்றால் 12, அமெரிக்க அளவு என்றால் 13. கால் அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு நாட்டுக்கும் ஒரே எண்ணிக்கை, அங்கே எண்ணிப் பிரயோஜனமில்லை. அரை அங்குலம்தான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவிலும் பழைய பட்டறைகள் சிலது அரை அங்குலத்துக்கு 12 போட்டதுண்டு. அதனால் 12 வந்தால் மரையின் கோணத்தையும் பார்க்கணும்: விட்வொர்த் 55 டிகிரி, அமெரிக்கன் 60. 13 வந்தால் ஜெர்மனியையும் இங்கிலாந்தையும் மறந்துவிடலாம்.

உப்புத்தாளைத் தயவுசெய்து பூட்டி வையுங்கள்.

பழைய_பட்டறை:

தம்பி, உங்களிடம் வந்திருப்பது உத்தரம் துளைக்கிற இயந்திரம். இந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் பெரிய பண்ணைக் கொட்டகைகளைக் கட்டிய தச்சர்களின் சாமான். எட்டங்குலச் சதுர மரங்களை ஆணி இல்லாமல், ஒன்றின் துளைக்குள் மற்றதன் செதுக்கிய முனை நுழைகிற மாதிரி, துளையும் நாக்குமாகப் பொருத்தி நிறுத்துவார்கள். ஒரு கொட்டகைக்கு அப்படி எத்தனையோ துளை வேண்டும். ஒவ்வொன்றையும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு முழுதாகத் தோண்டினால் கை போய்விடும். அதனால் முதலில் இதை வைத்து வரிசையாக இரண்டு மூன்று வட்டத் துளை போட்டு, மிச்சத்தை உளியால் செதுக்கிச் சதுரமாக்குவார்கள்.

பல்பட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த இயந்திரத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. பார்த்தால் துரப்பணத்தைக் கீழே தள்ளத்தான் பல் என்று தோன்றும். இல்லை. துரப்பணத்தின் நுனியில் சின்னத் திருகு இருக்கிறதே, அதுவே மரத்தைக் கடித்துக்கொண்டு முழுக் கூட்டையும் தானாகக் கீழே இழுக்கும். வேண்டிய ஆழம் வந்ததும் கூட்டின் பக்கத்தில் உள்ள ஒரு கொண்டியைத் தட்டிவிட்டால் சின்னப் பற்சக்கரம் ஒன்று பல்பட்டையைக் கடிக்கும். பிறகு கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, துரப்பணம் மரத்தூளையும் அள்ளிக்கொண்டு மேலே ஏறும். இரண்டங்குலத் துரப்பணம் ஆழத்தில் இறுகிப்போனால் கையால் பிடுங்கி எடுக்கிற காரியமா? கொண்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கோ, துருவில் ஒட்டியிருக்கும்.

தச்சர் எங்கே நிற்பார் என்று கேட்டால், நிற்கவே மாட்டார். அந்தப் பலகை மேல்தான் உட்காருவார். பலகையை உத்தரத்தின் மேல் வைத்து, கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவரது எடையே இயந்திரத்தை அசையாமல் பிடிக்க, இரண்டு கையாலும் சுற்றுவார். உங்கள் பலகையின் பின்பக்கம் எங்காவது வழுவழுவென்று குழிந்திருக்கிறதா? அதை உப்புத்தாள் போட்டு நிரவியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கால்கள் சாய்வது கூரைப் பக்கத்துச் சாய்வு மரங்களுக்கும் முட்டுக் கொடுக்கும் மரங்களுக்கும்.

இப்போது பெர்லினுக்கு வருவோம். நீங்கள் ஏலம் எடுத்த இடத்திலிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால் வருகிற கிச்சினர் நகரத்தின் பழைய பெயர் பெர்லின். ஜெர்மன் வழி வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர். முதல் உலகப்போர் நடக்கும்போது அந்தப் பெயரோடு இருக்க முடியாமல் வாக்கெடுப்பு வைத்து, 1916 செப்டம்பர் 1 முதல் கிச்சினர் ஆக்கினார்கள். அந்த ஜூனில்தான் கப்பலோடு கடலில் மூழ்கி இறந்திருந்தார் கிச்சினர் பிரபு, நம் பக்கத்தில் இந்தியப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தாரே, அவரேதான். ஆகவே உங்கள் பலகையில் இருப்பது செய்தவர் பெயரல்ல, விற்ற இரும்புக் கடைக்காரரின் பெயராகத்தான் இருக்க வேண்டும். மேல்வரியில் நீங்கள் தேய்த்து அழித்தது அவரைத்தான்.

பெர்லினுக்கு அடுத்து மங்கலாக இருக்கும் இரண்டு மூன்று எழுத்துத்தான் எனக்கு முக்கியம். அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கோ. சாயம் இருந்த இடத்தில் மரம் தேய்வது குறைவு, சாயம் உதிர்ந்த பிறகும் எழுத்து மயிரிழை அளவு மேடாக நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, பக்க வெளிச்சத்தில் நிழல் விழும்.

"16" என்பது வருஷமல்ல. துரப்பணத்தின் அகலம், அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. அளந்து பாருங்கோ, ஒரு அங்குலம் இருக்கும். பறவை அன்னமாக இருந்தால் கனெக்டிகட் சீமோரில் இருந்த ஜேம்ஸ் ஸ்வான் கம்பெனியின் அடையாளம். அந்தத் தொழிற்சாலை அவர் கைக்கு வந்தது 1877-இல். ஆனால் துரப்பணம் கழற்றி மாட்டுகிற பொருள். சட்டைப் பித்தானை வைத்து ஆளின் வயதைச் சொல்ல முடியாது.

தச்சன்மகன்:

ஐயா, நேற்று இரவு குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு கராஜில் விளக்கணைத்து உட்கார்ந்தேன். "ஓ, என், டி". மூன்று ஆங்கில எழுத்தும் தெரிகிறது. கடைசியில் ஒரு புள்ளி.

துரப்பணம் சரியாக ஒரு அங்குலம். கழுத்து வளைந்த பறவை, அன்னம்தான். கொண்டியும் கிடைத்தது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறப்போட்டுத் தட்டினேன், "டக்" என்று விழுந்தது. சுற்றினால் கூடு தானாக ஏறுகிறது! சின்னவள் பத்துத் தடவை ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டாள். பலகையின் பின்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம் இருக்கிறது. மரத்தின் குறை என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தேன், சரியாகப் பொருந்துகிறது.

கோவைக்காரருக்கு: நான்கு போல்ட்டும் சதுரத் தலை, சதுர நட். மரை 13. மூன்று தடவை எண்ணினேன். பற்சக்கரப் பல் சொரசொரப்புத்தான், வரப்பும் இருக்கிறது.

ஒரு புது விஷயம். வலது கைப்பிடிப் பக்கம் இரும்புப் பட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் கோடு இல்லை, சதுரக் குழி. இங்கே வன்பொருள் கடையில் எல்லாம் கிடைக்குமே, ராபர்ட்சன் ஸ்க்ரூ, அதே மாதிரி. தேடிப் பார்த்தால் அது வந்ததே 1908 என்கிறார்கள். அப்படியென்றால் 1908-க்கும் 1916-க்கும் நடுவில் என்று முடித்துவிடலாமா?

கோவை_லேத்:

13 என்றால் அமெரிக்க அளவு. 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்தது, பிறகு மெல்ல மெல்லப் பட்டறைகளுக்குப் பரவியது. கனடாக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் எல்லைக்கு எந்தப் பக்கம் செய்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாதுங்க. 1850 என்று சொன்ன ஏலக்காரருக்கு மட்டும் இது பதில்.

ஸ்க்ரூ விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மற்ற ஸ்க்ரூ எல்லாம் எப்படி?

பழைய_பட்டறை:

அதேதான் நானும் கேட்க வந்தது. இரண்டு மட்டும் சதுரக் குழி, மீதி கோட்டுத் தலை என்றால் அந்த இரண்டும் பிறகு வந்தவை. அவற்றின் தலையைச் சுற்றி இரும்பில் வடிவாகப் பாருங்கோ. பழைய தலை பெரிதாக இருந்திருந்தால் அதன் வட்டத் தடம் கொஞ்சம் வேறு நிறத்தில் வளையம் போலத் தெரியும்.

ராபர்ட்சன் தொழிற்சாலை இங்கே மில்டனில்தான் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய சாமான் எதிலும் யாராவது ஒருவர் சதுரக் குழி ஸ்க்ரூ போட்டுத் திருத்தியிருப்பார். என்னிடம் வந்த ஒரு தொட்டிலில்கூட இருந்தது, விற்றவர் அதைக் காட்டியே "புதுசு" என்று விலை குறைத்தார், நான் வாயைத் திறக்கவில்லை.

"ஓ என் டி" கிடைத்ததுதான் பெரிய விஷயம், ஒன்ராறியோவின் சுருக்கம் அது. ஒன்ராறியோ என்ற மாகாணப் பெயரே 1867-இல் கனடா கூட்டாட்சி ஆனபோது வந்தது. அதற்கு முன் இந்தப் பகுதி மேற்குக் கனடா, அதாவது "கனடா வெஸ்ட்", கடிதத்தில் சுருக்கமாக "சி. டபிள்யூ." என்று போடுவார்கள். ஆக ஒரே வரியில் இரண்டு பக்கமும் வேலி கிடைத்துவிட்டது. "ஒன்ட்." இருப்பதால் 1867-க்கு முன் இல்லை. "பெர்லின்" இருப்பதால் 1916-க்குப் பின் இல்லை. இரும்பைப் பார்த்து ஆயிரம் கதைக்கலாம், ஊர்ப்பெயர் மாதிரி உறுதியாக எதுவும் சொல்லாது. ஒரு டிரங்குப் பெட்டியில் விற்ற கடையின் முகவரி "மெட்ராஸ்" என்று இருந்தால் 1996-க்கு முன் என்று நீங்கள் சொல்வீர்களே, எங்கள் வீட்டுப் பெட்டியில் "சிலோன்" இருந்தால் 1972-க்கு முன் என்று நாங்கள் சொல்வோமே, அதே கணக்கு. தேயிலைப் பெட்டியை மட்டும் இதில் சேர்க்காதையுங்கோ, அதில் இன்றைக்கும் சிலோன்தான்.

இந்த ஐம்பது வருஷத்துக்குள் எங்கே என்று கேட்டால், சாய்கிற கால், 13 மரை இரண்டையும் பார்த்து 1880-க்குப் பிறகு என்று என் மனம் சொல்கிறது. அது என் மனம்தான், எழுதி ஒட்டாதீர்கள். செய்தவர் பெயர் இல்லாத சாமானுக்கு இணையத்தில் ஆளாளுக்கு ஒரு கம்பெனிப் பெயரை ஒட்டி விற்கிறார்கள், அதையும் நம்ப வேண்டாம். கூட்டில் எங்காவது காப்புரிமைத் தேதி வார்த்திருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். அமெரிக்கக் காப்புரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளியாகும். பாதி தேய்ந்த தேதியாக இருந்தாலும், எந்த வருஷத்தில் அந்த நாள் செவ்வாயாக வருகிறது என்று பஞ்சாங்கம் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். துருவுக்குக் கீழே இன்னொரு தடவை தேடுங்கோ, துணியும் மண்ணெண்ணெயும் மட்டும்.

அப்புறம், அந்தப் பண்ணையில் கொட்டகை நிற்கிறதா, இடித்துவிட்டார்களா?

தச்சன்மகன்:

வளையம் இருக்கிறது ஐயா. இப்போதுள்ள தலையைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிசு. என் 1908 அதோடு போச்சு. காப்புரிமைத் தேதி எங்கும் இல்லை, கூட்டின் உள்பக்கம்வரை துடைத்துப் பார்த்துவிட்டேன்.

கொட்டகையை இடித்துவிட்டார்கள், மரத்தை மட்டும் விலைக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். நேற்று வேலை முடிந்ததும் திரும்பப் போனேன். அந்த வீட்டு அம்மா, "மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தாயா?" என்று கேட்டார். இல்லை, துளையைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு டார்ச் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு உத்தரத்தின் நாக்குத் துளைக்குள் விளக்கை அடித்தேன். பக்கச் சுவரெல்லாம் உளி பட்ட தடம், தட்டை. அடியில் மட்டும் பிறை பிறையாக மூன்று வட்ட விளிம்பு, ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகு விழுந்தது மாதிரி ஒரு சின்னக் குழி. நீங்கள் சொன்ன நுனித் திருகு நின்ற இடம் அதுதானே? இன்னொரு மரத்தில் நான்காவது வட்டம் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அன்றைக்கு அந்த ஆசாரிக்கும் யாராவது பேச்சுக் கொடுத்திருப்பார்கள். எங்கப்பா அப்படித்தான் திட்டுவார், "துளைக்கும்போது வாயைத் திறக்காதே" என்று.

ஆனால் ஒரு சிக்கல். துளையின் அகலம் இரண்டு அங்குலம். என்னிடம் இருப்பது ஒரு அங்குலம். அப்படியென்றால் இந்தக் கொட்டகைக்கு வேலை செய்தது வேறு இயந்திரமா?

பழைய_பட்டறை:

அந்தக் கடுகுக் குழி திருகு நின்ற இடம்தான்.

வேறு இயந்திரமாகவும் இருக்கலாம், அவசியமில்லை. நாக்கைத் துளைக்குள் நுழைத்த பிறகு இரண்டையும் சேர்த்துக் குறுக்கே துளைத்து ஓக் மர முளை அடிப்பார்கள். அந்த முளைக்கான துளை பெரும்பாலும் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம்வரை இருக்கும். அந்த உத்தரங்களில் முளைத் துளை எத்தனை அங்குலம் என்று அளந்தீர்களா? ஒரு அங்குலம் என்றால் உங்கள் துரப்பணம் கடைசியாக அதற்கு மாட்டியதாக இருக்கும். இரண்டங்குலத் துரப்பணம் தனியாக எங்கோ இருக்க வேண்டும். ஒரு இயந்திரத்துக்கு மூன்று நான்கு அளவில் வைத்திருப்பார்கள். தண்டின் முனை உங்களுடையது போலவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கோ.

தச்சன்மகன்:

அளக்கவில்லை. அன்றைக்கே அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு வாளி நிறையப் பழைய இரும்பைப் பக்கத்துப் பண்ணைக்காரர் 15 டாலருக்கு எடுத்துப் போனாராம். வாளியிலிருந்து முறுக்கு மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததாக அந்த அம்மாவுக்கு நினைவு. அவர் ஞாயிறு மதியம் வீட்டில் இருப்பாராம். அளவுகோலோடு போகிறேன்.

மீன்பிடி_மணி:

ஐஸ் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாளியில் என்ன இருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.